கடைமடைக் கோடை: திட்டக்குடியிலிருந்து பாகூர் வரை

2017 மே 7, ஞாயிறு. திட்டக்குடி

கடலூர் மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புயலும் வெள்ளமுமே நினைவுக்கு வருகின்றன. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் ‘தானே’ என்ற புயல் கரையைக் கடந்தது இங்கேதான். 2015 நவம்பரில் ஊர் ஊராக மிதந்ததும் இங்கேதான். அந்த வெள்ளத்துக்கு அடுத்து வந்த 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்துபோயிற்று. 140 ஆண்டுகளில் இப்படிப் பொய்த்த பருவம் வேறில்லை என்கிறார்கள். கடந்த ஜனவரி 10 அன்று மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு வந்த பிறகு கிராமங்களும், அவற்றை நம்பியிருக்கும் கடைகளும் ஆலைகளும் எப்படி நாளைக் கடத்துகின்றன என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில், மேற்கே மேட்டு நிலத்தில் தொடங்கிக் கிழக்கே கடல் வரை வந்து, வடக்கே புதுச்சேரிப் பகுதியிலுள்ள பாகூரில் முடிப்பதாகக் கிளம்பியிருக்கிறேன். அன்றன்று கண்டதை அன்றன்றே எழுதுகிறேன்.

தொழுதூரில் வெள்ளாற்றின் குறுக்கே உள்ள அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்தான் கீழச்செருவாயில் இருக்கும் வெலிங்டன் ஏரிக்கு நீர் கொண்டுவருகிறது. 1913-இல் தொடங்கி 1923-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த ஏரியின் கொள்ளளவு 2,580 மில்லியன் கன அடி. ஊர் உலகமெல்லாம் பேர் பெற்ற வீராணம் ஏரியைவிட இது பெரியது என்பது மாவட்டத்துக்குள்ளேயே பலருக்குத் தெரியாது. இன்று கரைமேல் நின்று பார்த்தபோது கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வெடித்துக் கிடந்த களிமண்ணும், அதன் நடுவே எந்தக் கவலையும் இல்லாமல் பச்சைப் பசேலென்று நின்ற சீமைக் கருவேலமும்தான் தெரிந்தன. கரையோரப் புளியமரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. “ஏரி ஒரு தரம் ரொம்பிட்டா போதும் சார், சுத்துப்பட்டுக் கிணறெல்லாம் தானா ஊறிக்கும். வாய்க்கால்ல பாயிற தண்ணியவிட மண்ணுக்குள்ள எறங்குற தண்ணிதான் எங்களுக்குப் பெருசு.” ஏரி என்பதை ஆயக்கட்டு, அதாவது அது பாயும் நிலத்தின் ஏக்கர்க் கணக்கில் மட்டுமே எழுதிப் பழகிய நம் கோப்புகளில் அவர் சொன்ன கணக்குக்கு இடமே இல்லை.

இந்தப் பக்கம் கரிசல் மண். பருத்தியும் மக்காச்சோளமும் மழையை மட்டும் நம்பி மானாவாரியாக விளையும். புரட்டாசியில் கிடைத்த ஒரு மழையை நம்பி விதைத்துவிட்டு, முளைத்தது கருகியதும் ஐப்பசியில் மறுபடி விதைத்து, அதையும் இழந்த குடும்பங்கள் பல. விதைக்கும் உழவுக்குமாக இரண்டு முறை செலவழித்தவர்களுக்கு, மானாவாரிக்கு அறிவிக்கப்பட்ட நிவாரணம் ஏக்கருக்கு 3,000 ரூபாய். வீட்டுக்கு ஒருவர் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ சென்னைக் கட்டட வேலைக்கோ போயிருக்கிறார்கள். எஞ்சியவர்களுக்கு நூறு நாள் வேலை. வறட்சிக்காக அது 150 நாளாக உயர்த்தப்பட்டிருப்பது உண்மையான உதவி என்றாலும், கூலி கணக்கில் ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது என்று பெண்கள் குறைபட்டுக்கொண்டார்கள்.

மாலையில் வெள்ளாற்றில் இறங்கினேன். மணலில் ஆளுயரத்துக்கு ஊற்று தோண்டியிருந்தார்கள். ஒரு பெண் குழிக்குள் இறங்கிக் கொட்டாங்குச்சியால் நீரை மொண்டு, வாயில் வெள்ளைத் துணி கட்டிய குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். நாலு தடவை மொண்டால் நீர் கலங்கிவிடுகிறது. அது தெளிகிற வரையில் கையை நீருக்கு மேலே பிடித்தபடி குந்தியிருந்து, மறுபடி மொள்ள வேண்டும். ஒரு குடம் நிறைய அரைமணிக்கு மேல் ஆயிற்று. ஊற்றுக்கு முறை வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு குடம், அதற்கு மேல் யாரும் எடுப்பதில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்கு மட்டும் மூன்று. எந்த அலுவலகமும் போட்ட விதி இல்லை இது.

மே 8, திங்கள். விருத்தாசலம்

இன்று பெரும்பகுதி நேரம் ஓர் உரம், விதை கடையில் கழிந்தது. கடைக்காரர் தம்முடைய கடன் நோட்டைத் திறந்து காட்டினார். பெயர்களை மறைத்துக்கொண்டுதான் காட்டினார். அந்த நாகரிகம் எனக்குப் பிடித்திருந்தது. தை, மாசியில் கணக்குத் தீர வேண்டிய பக்கங்கள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. சென்ற நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோது, கூட்டுறவு வங்கிகளில் பழைய நோட்டு மாற்ற முடியாமல் விதைப்புக் காலத்தில் கையில் பணமில்லாமல் நின்றவர்களுக்கும் இவர்தான் கடனாகக் கொடுத்திருக்கிறார். “நான் கொடுக்கலேன்னா அவங்க வெதைக்க முடியாது, அவங்க வெதைக்கலேன்னா எனக்கு எதுக்குக் கடை?” என்றார். மொத்த வியாபாரியோ இவருக்குத் தவணை தருவதை நிறுத்திவிட்டார். எனவே உரமூட்டை இருந்த இடத்தில் இப்போது மாட்டுத் தீவனமும் சொட்டுநீர்க் குழாயும் அடுக்கியிருக்கிறார். சிறு, குறு உழவர்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் உண்டு என்பதால் அதில் கொஞ்சம் ஓட்டம் இருக்கிறது. ஆனால் சொட்டுவதற்கும் கிணற்றில் நீர் வேண்டும் என்பதால், குழாயை வாங்கிச் சுருட்டி வீட்டு மச்சில் போட்டவர்களும் உண்டு என்று அவரே சொன்னார்.

கடையிலிருந்து கிளம்பும் வேளையில் ஒருவர் விதை மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையோடு வந்தார். வாங்குவதற்கு அல்ல, விற்பதற்கு. கடைக்காரர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மூட்டையைப் பின்கட்டில் வைத்துக்கொண்டு, அதன்பேரில் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து, “ஆடியில வந்து எடுத்துக்கங்க மாமா” என்று அனுப்பிவைத்தார். நகையை அடகு வைப்பது இங்கே எல்லாக் கோடையிலும் நடப்பதுதான். விதையை அடகு வைக்கும் நிலை வந்த பிறகு ஒரு குடும்பத்துக்கு அடுத்த பருவம் என்று ஒன்று மிச்சமிருப்பது, இப்படி விதையை விதையாகவே வைத்திருக்கும் ஒருவர் ஊரில் இருந்தால்தான்.

மே 9, செவ்வாய். பண்ருட்டி

பண்ருட்டியைச் சுற்றிய செம்மண் மேடு முழுவதும் முந்திரியும் பலாவும். முந்திரிக்கு யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டுக் கோடையில் காய்ப்பது அதன் குணம். அதனால் வறட்சியில் முதலில் தப்பிப்பது முந்திரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இந்த முறை தப்பவில்லை. காரணத்துக்கு ‘தானே’ புயல் வரை பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. முப்பது, நாற்பது ஆண்டு வயதுள்ள மரங்களை ஓர் இரவில் வேரோடு சாய்த்த அந்தப் புயலுக்குப் பிறகு, விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1991-இல் வெளியிட்ட விஆர்ஐ-3 போன்ற ஒட்டுக்கன்றுகளை மக்கள் நட்டார்கள். அவை காய்ப்புக்கு வந்த வேளையில் இந்த வறட்சி வந்திருக்கிறது. கிழட்டு மரத்தின் வேர் இறங்கியிருக்கும் ஆழத்துக்கு இவற்றின் வேர் இன்னும் இறங்கவில்லை. தப்பி நிற்கும் பழைய மரங்களில் ஓரளவு காய் இருக்கிறது. இளங்கன்றுகளிலோ பூ கருகி உதிர்ந்துவிட்டது. ஒரு தோப்பில் கன்றுக்கு ஒரு மண்பானையைப் புதைத்து, அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகி, டேங்கர் தண்ணீரைக் கொண்டுவந்து வாரம் ஒரு முறை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கொட்டை தரும் வருமானத்தைவிட டேங்கருக்கு ஆகும் செலவு அதிகம் என்று தெரிந்தேதான் ஊற்றுகிறார்கள். இப்போது விட்டால் மறுபடி ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும்.

ஆலைகளின் கதை வேறு. பண்ருட்டியின் பெரிய முந்திரி ஆலைகள் உள்ளூர்க் கொட்டையை மட்டும் நம்பியிருந்த காலம் எப்போதோ போய்விட்டது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வரும் கொட்டையை வாங்கி உடைக்கிறார்கள். ஆகவே ஊரில் விளைச்சல் இல்லாத ஆண்டிலும் ஆலை ஓடுகிறது. ஓடாதவை வீட்டுத் திண்ணையிலும் கொட்டகையிலும் நடக்கும் சிறு உடைப்பகங்கள். வெளிநாட்டுக் கொட்டையை வண்டிக் கணக்கில் வாங்க அவர்களிடம் முதல் இல்லை. அப்படிப்பட்ட ஒரு கொட்டகையில், வேறொருவருக்காகக் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கு அருகே உட்கார்ந்திருந்தேன். ஒருவர் கொட்டையை இரண்டு கத்திகளுக்கு நடுவே வைத்துக் காலால் மிதிக்கிறார், ஓடு பிளக்கிறது. எதிரில் இருப்பவர் சிறு ஊசியால் பருப்பை முழுசாக நெம்பி எடுக்கிறார். பருப்பு உடைந்தால் விலை பாதியாகிவிடும். ஓட்டின் பால் பட்டு விரல்கள் கறுத்து, நகக்கண் வரை தோல் உரிந்திருந்தது. சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் வேலை செய்கிறார்கள். “போன வருசம் எங்க தோப்புக் கொட்டைய நாங்களே ஒடைச்சோம் தம்பி. இந்த வருசம் யாரு தோப்புக் கொட்டையோ, எந்த ஊருதோ” என்றார் மூத்தவர். வறட்சி அவரிடமிருந்து வேலையைப் பறிக்கவில்லை. சொந்தத் தொழில் செய்தவரைக் கூலியாள் ஆக்கியிருக்கிறது. புள்ளிவிவரத்தில் இருவரும் ஒரே இடத்தில்தான் எண்ணப்படுவார்கள்.

திரும்பும் வழியில் நிலத்தில் துளை போடும் ஒரு ரிக் வண்டி வேலை செய்துகொண்டிருந்தது. நிலத்துக்காரரின் அப்பா காலத்தில் திறந்த கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை ஓட்டியிருக்கிறார்கள். பிறகு 200 அடிக்கு ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), அது வற்றியதும் 450 அடி, இன்று அதற்கும் கீழே. பக்கத்து நிலத்துக்காரர் வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய போர் 400 அடி. இந்தப் போரில் நீர் வந்தால் தன்னுடையது என்ன ஆகும் என்பதை அவர் கணக்குப் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. வேளாண்மைக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இறைப்பதற்குச் செலவில்லை, ஆழப்படுத்துவதற்குத்தான் செலவு. கடன் வாங்கி முதலில் ஆழப்படுத்துகிறவர் சில ஆண்டுகள் பிழைக்கிறார். அப்படிப் பிழைப்பதற்கு அவர் எடுப்பது பெரும்பாலும் அண்டை நிலத்தின் நீர். அவர்மேல் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கரும்பு நட்டு, வெட்டிய கரும்புக்கு ஆலையிலிருந்து பணம் வராமல், நின்ற பயிரையாவது காப்பாற்றலாம் என்று வட்டிக்கு வாங்கிப் போர் போடுகிறவரிடம் நிலத்தடி நீரின் பொதுமையைப் பற்றிப் பேசுவது கடினம்.

மே 10, புதன். நெய்வேலி, வாலாஜா ஏரி

1935-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்ததில்தான் நெய்வேலியின் நிலக்கரி வரலாறு தொடங்குகிறது. நிலக்கரியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அந்த நீரைப் பற்றிப் பேசுவதில்லை. கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் அழைக்கும் பாறையடுக்கில் அழுத்தத்தோடு அடைபட்டிருந்த நீர், துளை போட்டால் மோட்டார் இல்லாமலே தானாகப் பொங்கி வழிந்த பகுதி இது. பொங்கும் ஊற்றுக் கிணற்றில் பிள்ளைகளாக இருந்தபோது குளித்ததைச் சொல்லும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் வடலூர், குறிஞ்சிப்பாடிப் பக்கங்களில் நிறைய இருக்கிறார்கள். நிலக்கரியை வெட்ட வேண்டுமென்றால் அதற்கு அடியில் உள்ள நீரின் அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். இல்லையேல் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு நீர் மேலே வரும். ஆகவே இரவு பகலாக இறைக்கிறார்கள்.

அப்படி வெளியேறும் நீரின் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும், பரவனாற்றின் வழியாகப் பெருமாள் ஏரிக்கும் வருகிறது. கத்திரி வெயிலில், மாவட்டமே காய்ந்து கிடக்கும்போது, வாலாஜா ஏரியின் கீழே நெல் பச்சையாக நிற்பதை இன்று பார்த்தேன். அந்த உழவர்களுக்கு அது வாழ்வு. அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. சுரங்கம் நின்றால் தங்கள் பாசனமும் நிற்கும் என்பதை அறிந்தே பயிர் செய்கிறார்கள். சில கல் தொலைவில், அதே பாறையடுக்கில் துளை போட்டிருப்பவர்களுக்கு நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. இந்தக் கோடையில் சென்னையின் குடிநீருக்கும் நெய்வேலிப் பகுதியிலிருந்து நீர் எடுக்கப்படுகிறது. ஒரே நீருக்கு இத்தனை பேர் பங்காளிகள் என்ற நிலையில், அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு மன்றம் இன்று வரை இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

மே 11, வியாழன். காட்டுமன்னார்கோவில்

பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்து, தந்தையின் பட்டப்பெயரால் வீரநாராயணன் ஏரி என்று பெயரிட்ட வீராணம், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளம். நீர்மட்டம் 47.50 அடியை எட்டினால் 1,465 மில்லியன் கன அடி நிற்கும். 44,856 ஏக்கர் பாயும். மேட்டூரில் திறக்கும் காவிரி நீர் கொள்ளிடத்தில் வந்து, ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக இங்கே சேர வேண்டும். காவிரிப் பாசனத்தின் கடைமடை, அதாவது நீர் கடைசியாக வந்து சேரும் இடம் இது. தலைமடையில் ஒரு வாரம் தாமதமானால் இங்கே ஒரு பருவமே தப்பிவிடும். சென்ற ஆண்டு ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை செப்டம்பர் 20-இல்தான் திறக்கப்பட்டது. குறுவை நெல் ஏற்கெனவே பல ஆண்டுகளாக இல்லை. அடுத்த போகமான சம்பாவையாவது எடுக்கலாமென்று நாற்றுவிட நேரமில்லாமல் புழுதியில் நேரடியாக விதைத்தார்கள். முளைத்தது; மழை வரவில்லை, ஆற்றிலும் நீர் நின்றது, மார்கழிக்குள் மாடு மேயும் தரிசாகிவிட்டது. டெல்டா மாவட்டங்களில் கருகிய வயலைப் பார்த்து உழவர்கள் நெஞ்சு வெடித்து இறந்த அந்த மாதங்களை இங்கே யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை.

ஏரிக்குள் இன்று டிராக்டர்கள் ஓடுகின்றன. நீர்நிலைகளின் வண்டலை உழவர்கள் கட்டணமின்றி அள்ளிக்கொள்ளலாம் என்று அரசு இந்தக் கோடையில் அனுமதித்திருக்கிறது. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. அறுவடை எந்திரம் வைத்திருந்த ஓர் இளைஞர், அறுக்க நெல் இல்லாததால் எந்திரத்தைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, டிராக்டரில் வண்டல் ஓட்டி எந்திரத்துக்கான தவணையைக் கட்டுகிறார். வண்டல் வயலுக்குப் போகும் நடைகளோடு, இரவில் செங்கல் சூளைக்குப் போகும் நடைகளும் இருக்கின்றன என்பதை அவரே ஒளிக்காமல் சொன்னார். சூளைக்காரர்களுக்கு இது நல்ல ஆண்டு. மழையில்லாத மாதங்கள் கூடக் கிடைத்திருக்கின்றன, மண் அருகிலேயே கிடைக்கிறது, ஆள் குறைந்த கூலிக்கு வருகிறார்கள். கருகிய வயலின் சொந்தக்காரரே சூளையில் கல் அறுக்கிறார்.

இவற்றுக்கு நடுவே மனம் நிறைந்த ஒன்றையும் பார்த்தேன். வாய்க்கால் ஓரத்துச் சில வயல்களில் மட்டும் சம்பா பாதியாவது வந்திருக்கிறது. அங்கே அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்திருக்கிறார்கள். காலை வைத்தால் அடி பதிய வேண்டும், ஆனால் சேறு ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஒரு நாள் முந்தினால் விதை அழுகும், இரண்டு நாள் பிந்தினால் முளைக்காது. நெல்லை அறுத்தெடுத்த பிறகு, தாளுக்கு நடுவே முளைத்த உளுந்து, தை மாசிப் பனியின் ஈரத்தை மட்டுமே குடித்து, ஒரு சொட்டுப் பாய்ச்சல் இல்லாமல் காய்த்துவிடுகிறது. அந்த வீட்டு அம்மா மரக்காலில் உளுந்தை அள்ளிக் கையில் உருட்டிக் காட்டினார். மணி வழக்கத்தைவிடச் சிறியதுதான். இந்த வருடம் வீட்டில் நுழைந்த ஒரே வெள்ளாமை அது. அவருக்கு அந்த ஈரம் கிடைத்ததற்குக் காரணம், கார்த்திகையில் கடைசியாக வந்த நீரை வாய்க்காலில் மேலே இருந்தவர்கள் கட்டி வைத்துக்கொள்ளாமல், நாலு வயலுக்கு ஒரு இரவு என்று முறை வைத்து விட்டதுதான். அடுத்த வாய்க்காலில் அந்த முறை நடக்கவில்லை. அங்கே மேலே ஆறு வயல் முழுதாக விளைந்தது, கீழே ஒன்றுமில்லை.

பெண்களுக்குத் தனியாக ஒரு சுமை இருக்கிறது. குழுக் கடன் என்ற பெயரில் வாரா வாரம் வசூலிக்க வருகிறவர்கள் வறட்சி பார்ப்பதில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்வதைப் பற்றி நீதிமன்றம் வரை பேச்சு நடக்கிறது. இந்தக் கடனைப் பற்றி யாரும் பேசக் காணோம். நெல்லுக்கு அறிவித்த நிவாரணம் ஏக்கருக்கு 5,465 ரூபாய். அது வந்த வீடுகளில் கணிசமான பகுதி இந்த வார வசூலுக்கே போயிருக்கிறது. குத்தகைக்குப் பயிரிட்டவர்கள் பலருக்கு, நில உரிமைச் சான்றான சிட்டா அவர்கள் பெயரில் இல்லாததால், அதுவும் இல்லை.

மே 12, வெள்ளி. கிள்ளை

கடலோரத்தில் வறட்சிக்கு வேறு முகம். ஆற்றில் நன்னீர் வராதபோது கடல்நீர் ஆற்றுவாயில் ஏறி உள்ளே வருகிறது. நிலத்துக்கு மேலே தெரிவது அது. நிலத்துக்கு அடியில் நடப்பது கண்ணில் படுவதில்லை. மணல் திட்டில் பத்து, பதினைந்து அடியில் ஊறிய நல்ல நீரை வைத்துக் கத்தரியும் கீரையும் போட்டவர்களின் கிணறு இப்போது உவர்த்துவிட்டது. ஒரு கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்த்தேன், விழுங்க முடியவில்லை. மழை பெய்தால் வயல் பச்சையாகிவிடும். உப்பேறிய கிணறு ஒரு மழையில் திரும்பாது. இங்கே கேன் தண்ணீர் விற்கிறவர்களின் சிறு வண்டிகள் தெருவுக்குத் தெரு ஓடுகின்றன. அந்தத் தண்ணீரும் சில கல் உள்ளே இருக்கும் ஏதோ ஒரு போரிலிருந்துதான் வருகிறது.

மே 13, சனி. பாகூர்

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நீர் வந்து பாகூர் ஏரி நிரம்ப வேண்டும். இந்த ஆண்டு தென்பெண்ணை மணலாகக் கிடந்தது, ஏரியும் தரை தெரியக் கிடக்கிறது. 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைத்தபோது, ஊருக்கு ஊர் ஏரிச் சங்கம் ஏற்படுத்தினார்கள். நிதி முடிந்ததும் பல ஊர்களில் சங்கமும் பெயரளவுக்கு ஆகிவிட்டது. நான் போன சிறிய ஏரிக்கரை ஊரில் அது இன்னும் கூடுகிறது. பெயரைச் சொன்னால் தங்களுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தைக்கு இடைஞ்சல் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் ஊரின் பெயரை எழுதவில்லை.

மாலை ஆறு மணிக்கு மாரியம்மன் கோயில் திடலில் கூட்டம். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பெண்கள் நாலு பேர், ஓரமாக. முதலில் வரத்து வாய்க்காலைத் தூர் வாரும் பேச்சு. இந்த மார்ச்சில் தமிழக அரசு, ஊராரே நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கி 100 கோடி ரூபாய் ஒதுக்கியிருப்பதைப் பத்திரிகையில் படித்த ஒருவர், “எல்லைக்கு அந்தாண்ட செய்யறாங்க, நம்ம பக்கம் யாரும் கேக்கலியே” என்றார். சங்கத் தலைவர், “அவங்க குடுத்தாலும் நாமதான் வெட்டணும், குடுக்காட்டியும் நாமதான் வெட்டணும்” என்று அதை முடித்துவைத்தார். ஏக்கருக்கு இருநூறு ரூபாய், பணம் இல்லாதவர்கள் ஏக்கருக்கு ஓராள் வேலை என்று தீர்மானமாயிற்று. ஓரத்திலிருந்து ஒரு பெண், நிலமில்லாமல் ஏரித் தண்ணீரை மாட்டுக்கு மட்டும் பயன்படுத்தும் வீடுகளும் ஆள் அனுப்பும், ஆனால் ஏரியில் மீன் குத்தகைப் பணத்தில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்றார். சற்று நேரம் சலசலப்பு. பிறகு அதையும் நோட்டில் எழுதினார்கள்.

கடினமான பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. ஆயக்கட்டுக்குள் ஏழு பேரிடம் ஆழமான போர் இருக்கிறது. அவர்கள் நவரை, சொர்ணவாரி என்னும் கோடையை ஒட்டிய பருவங்களிலும் நெல் நடுகிறார்கள். கோடையில் நெல்லுக்கு இறைக்கிற இறைப்பில் மற்றவர்களின் ஆழம் குறைந்த போர்கள் காற்றைத்தான் தள்ளுகின்றன. இரண்டு வருடமாகக் குடிநீர்ப் போரும் திணறுகிறது. தலைவர் வைத்த யோசனை இது: ஏரி பாதிக்குக் கீழே நின்ற ஆண்டில், ஆயக்கட்டுக்குள் யாரும் நவரை நெல் நடக்கூடாது. உளுந்தோ மல்லாட்டையோ எள்ளோ போடலாம். போர் உள்ளவர்கள் அண்டை வயலுக்கு விதைத்த மூன்றாம் நாள் பாயும் உயிர்த் தண்ணீரையும், பூவெடுக்கும்போது ஒரு தண்ணீரையும் கொடுக்க வேண்டும். மோட்டார் பழுதானால் செலவை நீர் வாங்கியவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். இந்தப் பயணத்தில் ஊற்றிலும், விதைக்கடையிலும், வாய்க்காலிலும் துண்டு துண்டாகப் பார்த்ததை ஓர் ஊர் முழுவதற்கும் விதியாக்கப் பார்க்கிறார்கள் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

ஏழு பேரில் ஐந்து பேர் வந்திருந்தார்கள். மூவர் உடனே சரி என்றார்கள். அவர்களில் ஒருவர், சென்ற ஆண்டு நாலு ஏக்கர் நவரைக்கு இறைத்து இரண்டு முறை மோட்டார் எரிந்ததில் நட்டம்தான் மிஞ்சியது என்று கணக்கோடு சொன்னார். நாலாமவர், தாம் கடன் வாங்கிப் போட்ட போரின் நீரை ஊர் எப்படிப் பங்கு போட முடியும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் கடனுக்கு வட்டி கட்டும் வரை அவருக்கு நீருக்கு மணிக்கணக்கில் ஒரு தொகை கொடுப்பதென்று பேசி, இழுபறிக்குப் பிறகு அவரும் கையெழுத்துப் போட்டார். ஐந்தாமவர், மூத்தவர், நிலம் அதிகம் உள்ளவர், பேசாமல் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் போரில்தான் ஊரிலேயே நீர் அதிகம். கடைசி மதகுக்குக் கீழே இருக்கும் பன்னிரண்டு வீட்டு நிலமும் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. அவர் சேராவிட்டால் விதி பாதிதான். கோபித்துக்கொள்வதில் பயனில்லை, நாளைக் காலையில் அவர் மைத்துனரையும் கூட்டத்தில் பேசிய அந்தப் பெண்ணையும் அவர் வீட்டுக்கு அனுப்பிப் பேசுவதென்றும், வராத இருவரிடம் தலைவரே போவதென்றும், வாய்க்கால் வேலையை அதற்காக நிறுத்தாமல் ஆனி முதல் வாரத்தில் தொடங்குவதென்றும் முடிவு செய்து கலைந்தார்கள்.